கொட்டாய்க்கு ஒரு டிஜிட்டல் நூலகம்: பிள்ளைகளை வாசிக்க வைக்க முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் என்றால் எல்லா வீடும் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்காது. ஒவ்வொரு ஊரோடும் நான்கைந்து கொட்டாய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நிலத்துக்கு நடுவே பத்து வீடு, ஓடை தாண்டி இன்னொரு பத்து வீடு. பென்னாகரம் பக்கம் அப்படி ஒரு கொட்டாயில், ஒரு வீட்டுக்குள் வாசிக்க என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். சுவரில் நகைக்கடை காலண்டர். மாடத்தில் ரேஷன் கார்டு, இரண்டு கல்யாணப் பத்திரிகை. மூலையில் உர மூட்டை, அதன்மேல் அச்சடித்த நாலு வரி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பையனுக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்தை விட்டால் எழுத்துக்கூட்டிப் பழக வேறு எதுவும் இல்லை. அவன் காலண்டரில் ராசிபலனை வாசித்துக்கொண்டிருந்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். தர்மபுரி 68.54 சதவீதத்தோடு மாவட்டங்களில் கடைசி. 2004 பிப்ரவரியில் இதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி 71.46. அது பெரியவர்களையும் சேர்த்த கணக்கு. இன்று நம் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் பள்ளிக்குப் போவது வேறு, வாசிப்பது வேறு. பத்து வயதாகியும் ஒரு சின்னக் கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலைக்கு உலக வங்கி 'கற்றல் வறுமை' என்று பெயர் வைத்திருக்கிறது. வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 53 சதவீதப் பிள்ளைகள் அப்படி இருக்கிறார்கள் என்று 2019ல் அது சொன்னது. கொரோனாவுக்குப் பிறகு, 2022ல், அந்த மதிப்பீடு 70 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை, பிள்ளைகளின் சொந்த மொழியில், அவர்கள் வாசிக்கக்கூடிய அளவில் புத்தகம் போதாமல் இருப்பது. அச்சடிக்கச் செலவு, கொண்டுவந்து சேர்க்கச் செலவு. கொண்டுவந்தாலும் பத்துக் கை மாறினால் கிழிந்துவிடும். டிஜிட்டல் நூலகம் தீர்ப்பது இந்தக் குறையைத்தான். குளிர்சாதன அறை, கம்ப்யூட்டர் வரிசை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு மூன்று டேப், ஒரு மெமரி கார்டு, அதில் அறுபது கதை. ஒரு கொட்டாய்க்கு இவ்வளவு போதும். அதை எப்படிப் படிப்படியாக அமைப்பது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

1. கருவியை வாங்காதீர்கள், முதலில் ஆளைத் தேடுங்கள்

எல்லாரும் டேப் வாங்குவதில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நல்ல மனிதர் நான்கு டேப் வாங்கிக் கொடுத்தார், சிம் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஒரு வாரத்தில் நான்கிலும் சினிமாப் பாட்டும் கார்ட்டூனும்தான் ஓடின. கதைப் பக்கம் ஒரு பிள்ளைகூடப் போகவில்லை.

இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்ற நாடு பெரு. பிள்ளைக்கொரு மடிக்கணினி என்று கிராமப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வை அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 2012ல் வெளியிட்டது. மொழிப் பாடத்திலும் கணக்கிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கருவி வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் முறை கூடவே வரவில்லை.

அதனால் முதலில் மூன்று விஷயத்தை உறுதி செய்யுங்கள்: ஆள், இடம், நேரம்.

குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் அதே ஊர்ப் பெண்ணாக இருப்பது நல்லது. 2021ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த அக்காமார்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்த எழுத்தில் திணறும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களையும் விடாதீர்கள்.

இடத்துக்கு, 2006க்குப் பிறகு ஊராட்சிகளில் கட்டிய அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகக் கட்டடம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிக் கிடந்தால் ஊராட்சி அலுவலகத்தில் சாவி கேளுங்கள். அது அமையாவிட்டால் மாரியம்மன் கோயில் திண்ணை, பள்ளி வராந்தா, அங்கன்வாடி, யார் வீட்டு வாசலாவது. பிளக் பாயின்ட் ஒன்றும் வெளிச்சமும் இருந்தால் சரி. கதவு திறந்தே இருக்கட்டும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடன் இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தை எடுத்து இணையத்தில் போடக் கூடாது. இந்த மூன்றையும் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நம்பிக்கை தானாக வரும்.

நேரம், மாட்டைக் கட்டிப் பால் கறந்து முடிந்தபின், சீரியல் தொடங்கும் முன்: மாலை 6 முதல் 7. எங்களுக்கு ஒத்துவந்தது அதுதான். வாரம் ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் நடத்துவதைவிடத் தினம் ஒரு மணி நேரம் பல மடங்கு மேல்.

2. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மீதி எல்லாம் வீண். எந்த வகுப்பு என்பதை மறந்துவிட்டு, இன்றைக்கு இந்தப் பிள்ளையால் எதை வாசிக்க முடிகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும், கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் கணக்கெடுப்பில் இதற்கு ஓர் எளிய தாள் உண்டு. தமிழிலும் இருக்கிறது. தாளில் நான்கு பகுதி: எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பத்தியில் தொடங்குங்கள். மூன்று தவறுக்குள் தடையில்லாமல் வாசித்தால் கதையைக் கொடுங்கள். பத்தியிலேயே திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள்: ஐந்து சொல்லில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள், அங்கும் ஐந்துக்கு நான்கு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு நோட்டில் பெயர், தேதி, நிலை என்று மூன்று கட்டமாகக் கோடு போட்டு எழுதி வையுங்கள்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, மூன்றாவது வரியின் நடுவில் 'கொக்கு' என்ற சொல்லைக் காட்டி, "இது என்ன கண்ணு?" என்றேன். பேசாமல் இருந்தாள். திரும்பவும் காட்டினேன். பக்கத்தின் தொடக்கத்திலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் "கொக்கு" என்றாள். முழுப் பாடமும் மனப்பாடம், ஆனால் 'கொ' என்ற எழுத்து அவளுக்குத் தெரியாது. கொம்பு, க, கால் என்று மூன்று தனித் துண்டாகத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் இடறும் இடம் பெரும்பாலும் இதுதான். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஆனால் கொம்பு முன்னால் நின்று ஒலி பின்னால் வரும் எழுத்துகளில் தடுமாறுவார்கள்: கெ, கே, கை, கொ, கோ. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதும் குழப்பும். ண, ன, ந. ல, ள, ழ. ர, ற எல்லாம் அதற்கு அடுத்துத்தான். எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு எந்த எழுத்து என்று நோட்டில் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கதை பொறுக்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

வீட்டு மொழியையும் கேட்டு எழுதுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் பல வீட்டில் தெலுங்கு, சில வீட்டில் கன்னடம் என்று இருக்கும். அஞ்செட்டி மலைப் பக்கம் இருளர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வேறு. இவர்களுக்குத் தமிழ் எழுத்து மட்டும் புதிதில்லை, சொற்களே புதிது. அவர்களை மந்தம் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

3. அறுபது புத்தகம் பொறுக்குங்கள்

இலவசமாக, சட்டப்படி எடுக்கக்கூடிய தமிழ்ச் சிறுவர் கதைகளுக்கு முதல் இடம் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8ல், உலக எழுத்தறிவு நாளன்று, தொடங்கிய தளம். கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் தரவிறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், நம் ஊர்ச் சொல்லுக்கு மாற்றியும் எழுதலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் விடாமல் போட வேண்டும். மொழி, வாசிப்பு நிலை என்று வடிகட்டித் தேட முடியும். நான்கு நிலை உண்டு: முதல் நிலை 250 சொல்லுக்குள் அடங்கும், நான்காம் நிலை 1500 சொல்லைத் தாண்டும். கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டு, வைஃபை கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து ஒரே நாளில் இறக்கிவிடலாம்.

ஒரே கதை பல மொழியில் இருப்பது இதில் இன்னொரு வசதி. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கு முதலில் அந்தக் கதையைத் தெலுங்கில் வாசித்துக் காட்டுங்கள், ஊரில் தெலுங்கு வாசிக்கத் தெரிந்த யாராவது இருப்பார்கள். கதை மனதில் உட்கார்ந்த பிறகு அதே படங்களோடு தமிழில் கொடுங்கள். புரிதல் ஏற்கெனவே வந்துவிட்டதால் எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

ஆயிரம் புத்தகம் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் இறக்காதீர்கள். எட்டு வயசுப் பிள்ளை ஆயிரம் அட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒன்றையும் வாசிக்காது. முதல் நிலையில் முப்பது, இரண்டாம் நிலையில் இருபது, மூன்றாம் நிலையில் பத்து. ஒவ்வொன்றையும் நீங்கள் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு முறுக்கிக்கொண்டு நின்றால் தூக்கிப்போடுங்கள். நம் பிள்ளைகள் பார்த்தறியாத பழம், பனி, பெருநகர அடுக்குமாடி இருந்தால் தவறில்லை, உலகமும் தெரியட்டும். ஆனால் முதல் பத்துப் புத்தகத்தில் ஆடு, மாடு, மழை, பாட்டி, சந்தை என்று தெரிந்த உலகம் இருக்கட்டும்.

பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் அதை இணையமே இல்லாமல் திறக்கும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. இரண்டும் பொக்கிஷம்தான், ஆனால் எழுத்துக்கூட்டும் வயதுக்கு வேண்டியவை அங்கே குறைவு. ஆசிரியருக்கும் கல்லூரி போகும் அக்காவுக்கும் சொல்லி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கேன் செய்த புத்தகங்களைச் சேர்க்காதீர்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை இந்தியாவில் காப்புரிமை உண்டு. பிள்ளைகளுக்கு எழுதிப் பிழைப்பவர்கள் நம் மொழியில் ரொம்பக் குறைவு, அவர்கள் வயிற்றில் நாம் அடிக்கக் கூடாது. அந்தப் புத்தகங்களை விலை கொடுத்து வாங்கித் தாளாகவே வையுங்கள்.

4. கோப்பைச் சரிபார்த்து அடுக்குங்கள்

படக்கதைக்குப் பிடிஎஃப் நல்லது, படமும் எழுத்தும் வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் சின்னப் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். போனில்தான் வாசிக்கப் போகிறார்கள் என்றால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியுள்ள இபப் கோப்பை எடுங்கள். சில பழைய செயலிகளில் இபப் திறந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும். பெரியவர்கள் ஊகித்து வாசித்துவிடுவோம், கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது விஷம். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் செய்த கோப்புகளும் சில இடத்தில் கோணல்மாணலாகத் திறக்கும். ஒவ்வொரு கோப்பையும் பிள்ளை பயன்படுத்தப்போகும் அதே கருவியில் திறந்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பாருங்கள்.

அடுக்குவதற்கு நான்கு கோப்புறை போதும். நுழை, நட, ஓடு, பற. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு வைத்திருக்கும் நிலைப் பெயர்களே இவை. பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பழகியிருக்கும், 'நான் ஓடுக்கு வந்துட்டேன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சோதனையில் எழுத்து நிலையில் இருப்பவர் நுழை, சொல் நிலை நட, பத்தி ஓடு, கதை பற. கோப்பின் பெயரைத் தமிழிலேயே வையுங்கள். எல்லாவற்றையும் இரண்டு மெமரி கார்டில் படியெடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

5. இப்போது கருவி

உங்களிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வழி.

ஒரே ஒரு போன்தான் இருக்கிறது என்றால், ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பதற்கு அதை வையுங்கள். நுழை, நட நிலைக் கதைகளில் பத்துப் பதினைந்தை அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். டிஜிட்டலில் கிடைத்த புத்தகம் தாளில் வாசிக்கப்பட்டால் என்ன குறை?

மூன்று முதல் ஐந்து டேப் இருந்தால் இணையம் வேண்டவே வேண்டாம். சிம்மைக் கழற்றுங்கள். வீடியோ செயலி, விளையாட்டு எல்லாவற்றையும் நீக்குங்கள், நீக்க முடியாததை முடக்குங்கள். அமைப்புகளில் திரையைப் பூட்டி வைக்கும் 'ஆப் பின்னிங்' வசதியை இயக்கி, வெளியேறப் பூட்டு எண் கேட்கும்படி வைத்தால் வாசிப்புச் செயலியை விட்டுப் பிள்ளை வெளியே போக முடியாது. ரப்பர் உறை போடுங்கள், பவர் பேங்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் கரண்ட் போகும் ஊர்களில் அது இல்லாமல் ஓடாது.

மூன்றாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீட்டில் அலமாரியில் தூங்குகிறது. அதில் காலிபர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக் கதைகளைச் சேர்த்துவிடுங்கள். அதன் பகிர்வுப் பொத்தானில் 'கன்டென்ட் சர்வர்' என்று இருக்கும், அதைத் தொடங்குங்கள். கணினியின் தடுப்புச்சுவர் (ஃபயர்வால்) அனுமதி கேட்டால் சரி கொடுங்கள். பிறகு ஒரு போனில் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் போடுங்கள். மடிக்கணினியையும் மற்ற போன்களையும் அந்த வைஃபையில் இணையுங்கள். காலிபர் காட்டும் முகவரியை, கடைசியில் 8080 என்று வரும், போனின் பிரவுசரில் தட்டினால் புத்தக அட்டைகள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு பைசா டேட்டா செலவில்லை. அம்மாவின் போனை எடுத்துவரும் பிள்ளையும் வாசிக்கலாம். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கிடைத்தால் கோலிப்ரி என்ற மென்பொருளையும் முயன்று பாருங்கள். இணையமில்லாத பள்ளிகளுக்கென்றே செய்தது, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியிலும் ஓடும், ஸ்டோரிவீவர் கதைகள் அதிலும் உண்டு.

பக்கத்துக் கொட்டாய்களுக்கும் சேர்த்து நடத்த முடியும். 1931ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். இன்றைக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு டப்பா போதும், திங்கள், புதன் இங்கே, செவ்வாய், வியாழன் அங்கே.

6. அந்த ஒரு மணி நேரம்

முதல் பத்து நிமிடம் பெரியவர் ஒருவர் சத்தமாகக் கதை வாசிக்க வேண்டும். எல்லாரும் திரையைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். குரலை ஏற்றி இறக்கி வாசியுங்கள். நம் ஊரில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. வாசிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஏதாவது ஒன்றை வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள், காதில் விழும் ஒலியும் கண்ணில் படும் எழுத்தும் அப்போதுதான் ஒட்டும்.

விரலை வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்கு முதல் நாள்தான் தெரிந்தது. தாளில் வாசிக்கும்போது சொல்லின் கீழ் விரல் வைக்கச் சொல்லிப் பழக்கியிருந்தோம். டேப்பில் விரலை வைத்து நகர்த்தியதும் பக்கம் திரும்பிவிட்டது. பின்னால் தள்ளினால் இரண்டு பக்கம் பின்னால் போனது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்கப் பார்த்தான். கை வலித்தது, வரி தவறியது, டேப்பைக் கீழே வைத்துவிட்டான். உடனிருந்த அக்கா எழுந்துபோய் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, முனையைக் கிள்ளிவிட்டுக் கொடுத்தார். காய்ந்த குச்சி பட்டால் தொடுதிரை அசையாது. பையன் குச்சியைச் சொல்லுக்குக் கீழே வைத்து, "ம... ழை... மழை" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு டேப்போடும் ஒரு குச்சி. திரை கீறாமல் இருக்க முனையில் கொஞ்சம் பஞ்சு சுற்றிக்கொள்ளலாம்.

அடுத்த இருபது நிமிடம் இருவருக்கு ஒரு டேப். ஆளுக்கொன்று கொடுக்க வசதி இருந்தாலும் இருவருக்கு ஒன்றே கொடுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் குச்சி பிடிக்கட்டும், பக்கத்துக்குப் பக்கம் மாறட்டும். ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் தெரிந்தவர் வாசிப்பார், தெரியாதவர் தலையாட்டுவார். நீங்கள் சுற்றிவந்து, ஒவ்வொரு ஜோடியிடமும் இரண்டு நிமிடம் உட்காருங்கள். தவறினால் உடனே திருத்தாதீர்கள். வரி முடியட்டும். பல நேரம் பொருள் இடிப்பதைக் கவனித்து அவர்களே திரும்பி வருவார்கள்.

பிறகு எழுத்து. வாசித்த கதையிலிருந்து மூன்று சொல் சிலேட்டில், பெரிய பிள்ளைகள் என்றால் நோட்டில் இரண்டு வரி. நுழை நிலைப் பிள்ளைகளுக்கு அட்டை விளையாட்டு: கொம்பு, கால், எழுத்து என்று தனித்தனியாக அட்டை வெட்டி, 'கொக்கு' செய், 'தேள்' செய் என்று அடுக்கவையுங்கள். அந்த நான்காம் வகுப்புச் சிறுமிக்கு இதுதான் வழி திறந்தது. கொம்பையும் காலையும் கையால் எடுத்து 'க'வின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்த பிறகு அவள் கண்ணில் அது ஒரே எழுத்தானது.

கடைசி பத்து நிமிடம் பேச்சு. "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?", "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். வாய் மூடாமல் பேசுவார்கள்.

பாட்டோடு எழுத்தும் ஓடும் கதை வீடியோக்களை வாரம் ஒரு முறை காட்டலாம். சொல் ஒளிரும்போது கூடவே வாசிப்பது நல்ல பழக்கம். தினமும் வேண்டாம், பார்த்துக்கொண்டே இருக்கத்தான் தோன்றும்.

7. உங்கள் ஊர்ப் புத்தகத்தை நீங்களே செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவில் 2014ல் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் திட்டம், ஆசிரியர்களும் நூலகர்களும் தங்கள் மொழியில் தாங்களே கதை எழுதி ஏற்றுவதற்கு வழி செய்தது. அச்சில் சிறுவர் புத்தகமே அரிதான மொழிகளில் அப்படித்தான் கதைகள் சேர்ந்தன. நமக்கும் அது பொருந்தும்.

மாசி, பங்குனியில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டே ஆயாக்கள் பேசும் கதைகள் எந்தத் தளத்திலும் இல்லை. அவர்கள் அனுமதியோடு போனில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டு, பக்கத்துக்கு இரண்டு வரியாகச் சுருக்குங்கள், எட்டுப் பக்கம் போதும். படம் பிள்ளைகள் வரையட்டும், பகல் வெளிச்சத்தில் போனில் எடுங்கள். விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது, பிழை திருத்துவது மட்டும் உங்கள் வேலை. ஸ்டோரிவீவரிலேயே உருவாக்கலாம், அல்லது எந்த எழுத்து மென்பொருளிலும் செய்து பிடிஎஃபாக மாற்றலாம். 'கொட்டாய்', 'களி', 'அவ்வா' என்று நம் சொற்கள் அப்படியே இருக்கட்டும். அட்டையில் கதை சொன்ன ஆயாவின் பெயரும் படம் வரைந்த பிள்ளையின் பெயரும் வர வேண்டும். ஊருக்குள்ளேயே இருக்கும் நூலகத்தில் வைப்பதற்கு இது போதும். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் பெற்றோரைக் கேட்டுப் பிள்ளையின் பெயரை எடுத்துவிடுங்கள்.

எங்கள் நூலகத்தில் அதிகம் திறக்கப்பட்ட புத்தகம் இப்படி ஒன்றுதான். காணாமல்போன ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றியது, ஏழு பக்கம். எழுத படிக்கத் தெரியாத அந்த ஆயா, பேத்தி அதை வாசிப்பதைக் கேட்க மாலையில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்.

8. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மறுபடி அதே சோதனை

அதே தாள், அதே ஐந்து நிமிடம். நோட்டில் முதல் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை புத்தகம் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டி யாரும் உங்களைப் பாராட்டினால் மயங்க வேண்டாம். எழுத்திலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து பத்திக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பதுதான் கணக்கு. மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கும் பிள்ளை இருந்தால் முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், காதையும்தான். பள்ளித் தலைமையாசிரியரிடம் நோட்டைக் காட்டுங்கள், வகுப்பாசிரியருக்கு அது பெரிய உதவி.

வருகை குறையும் மாதங்கள் நமக்குத் தெரிந்தவையே. புளிக் காலம், மாங்காய்க் காலம், பூ பறிக்கும் அதிகாலைகள். அப்போது நேரத்தை மாற்றுங்கள், திட்டாதீர்கள். பெற்றோரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ கிளம்பும் பிள்ளைதான் உண்மையான சோதனை. தாளில் நூலகம் இருந்தால் அந்தப் பிள்ளையோடு போகாது, இது போகும். கிளம்பும் முன் அப்பா அம்மாவின் போனை வாங்கி, அந்தப் பிள்ளையின் நிலையில் பதினைந்து கதை, அடுத்த நிலையில் ஐந்து கதை என்று புளூடூத்திலோ மெமரி கார்டிலோ ஏற்றிக் கொடுங்கள். எப்படித் திறப்பது என்று அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுக் கண்டிப்பாகப் பதில் அனுப்புங்கள். ஒரு ஈர்க்குச்சியும் பையில் போகட்டும்.

ஜூனில் திரும்பி வந்ததும் முதல் நாளே அதே தாளை எடுங்கள். சிலர் ஏறியிருப்பார்கள், பலர் விட்ட இடத்திலேயே நிற்பார்கள், சிலர் ஒரு படி இறங்கியிருப்பார்கள். இறங்கியிருந்தால் அந்தப் படியின் கோப்புறையையே திறந்துகொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள்.